'ஹிற் த ஹே'க்கு எதிர் எது? படுக்கப் போவது, எழும்புவது, விழித்திருப்பது பற்றிய ஆங்கிலத் தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் ரியூஷன் வகுப்புகளிலும் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிப்பவர்களை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

'ஹிற் த ஹே' என்றால் வைக்கலை அடிப்பதா?

இல்லை. படுக்கப் போவது என்பதுதான் பொருள். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சில் பரவிய தொடர் இது. துணி உறைக்குள் காய்ந்த புல்லை அடைத்து மெத்தையாகப் பாவித்த காலத்து வழக்கு. 'ஹிற்' என்பதற்கு இங்கே அடித்தல் என்று பொருள் இல்லை, போய்ச் சேர்தல் என்று கொள்ளலாம். இதன் சோடியான 'ஹிற் த சாக்', இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் படைவீரர் பேச்சில் பரவியது. அந்த 'சாக்' மெத்தை உறை அல்லது படுக்கை.

'ஹே' வேறு, வைக்கல் வேறு. 'ஹே' என்பது மாட்டுக்கு வெட்டிக் காயவைத்த புல். சூடடித்த பிறகு மிஞ்சும் நெல் வைக்கலுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோ'. 'ஹிற் த ஸ்ட்ரோ' என்று யாரும் சொல்வதில்லை.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. 'த'வை விடக்கூடாது. 'ஹிற்' மூன்று காலத்திலும் 'ஹிற்'தான், 'ஹிற்றட்' என்றொரு சொல் கிடையாது. இதற்குச் செயப்படுபொருளும் சேராது: பிள்ளையைப் படுக்கவைப்பதை இத்தொடரால் சொல்ல முடியாது, நீங்களே படுக்கப் போவதைத்தான் சொல்லலாம். பேச்சில் மிகவும் பழக்கமான வடிவம் 'ஐம் கோயிங் டு ஹிற் த ஹே'.

சரி, இதற்கு நேர் எதிர்த்தொடர் எது?

ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால் 'கெற் அப்'. மரபுத்தொடர்தான் வேண்டுமென்றால் 'ரைஸ் அன்ட் ஷைன்'. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு இந்தப் பதில் போதாது. படுக்கப் போவதற்கு எதிரானது ஒன்றல்ல, மூன்று:

நித்திரை கலைவது ஒன்று. பாயை விட்டு எழும்புவது இன்னொன்று. படுக்கவே போகாமல் விழித்திருப்பது மூன்றாவது. ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. முதலாவதற்கு 'வேக் அப்', இரண்டாவதற்கு 'கெற் அப்', மூன்றாவதற்கு 'ஸ்டே அப்'. எதிர்ச்சொல் எழுதச் சொன்னால் பிள்ளைகள் பிழைவிடுவது சொல் தெரியாததால் அல்ல. இந்த மூன்றில் எது கேட்கப்படுகிறது என்று பார்க்காததால்தான். வினாவில் வரும் வாக்கியத்தில் மணி எத்தனை என்று பாருங்கள். இரவு பத்தரை என்றால் எதிர் 'ஸ்டே அப்'. விடிய ஐந்து என்றால் 'கெற் அப்'.

'வேக் அப்', 'கெற் அப்' இரண்டும் ஒன்றுதானே?

நமது பேச்சில் ஒன்றுபோல இருப்பதுதான் சிக்கல். "நாலு மணிக்கு எழும்பினனான்" என்றால் கண் முழித்ததையும் சொல்லும், பாயைச் சுருட்டியதையும் சொல்லும். ஆங்கிலத்தில் நாலு மணிக்கு 'வேக் அப்' ஆகி, மழை பெய்கிறது என்று சுருண்டு கிடந்து, ஐந்தேகாலுக்கு 'கெற் அப்' ஆகலாம். முன்னது கண் சம்பந்தப்பட்டது, பின்னது கால் சம்பந்தப்பட்டது.

வடிவங்கள்: வேக், வோக், வோக்கன். கெற், கொற், கொற். 'நேற்று நாலு மணிக்கு முழிச்சேன்' என்பதற்கு 'ஐ வோக் அப் அற் ஃபோர்'. இந்த 'வோக்'கை உச்சரிக்கும்போது நடப்பதற்குரிய 'வோர்க்' போலவோ, வேலைக்குரிய 'வேர்க்' போலவோ ஒலித்துவிடுவது நம்மிடம் அதிகம். உதட்டைக் குவித்து 'ஓ' என்று தொடங்கி 'உ'வில் முடித்தால் சரியாக வரும்.

இன்னொருவரை எழுப்புவதென்றால் 'வேக் மீ அப் அற் ஃபைவ்'. 'மீ', 'ஹிம்', 'ஹேர்' போன்ற பிரதிப்பெயர் நடுவில்தான் வரவேண்டும், 'வேக் அப் மீ' பிழை. ஆனால் பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் வரலாம்: தம்பியை எழுப்புவதை 'வேக் மை பிரதர் அப்' என்றாலும் சரி, 'வேக் அப் மை பிரதர்' என்றாலும் சரி. 'கெற் அப் ஃப்ரொம் ஸ்லீப்' என்று எழுதுவது "நித்திரையால எழும்பி" என்பதை அப்படியே தூக்கி வைப்பது. 'கெற் அப்' மட்டும் போதும், அல்லது 'கெற் அவுற் ஒஃப் பெட்'.

'ரைஸ் அன்ட் ஷைன்' என்று யாரிடம் சொல்லலாம்?

உங்களைவிட இளையவரிடமும் உங்களோடு ஒத்தவரிடமும் மட்டும். விடுதியில் அறை நண்பனை எழுப்ப, வீட்டில் பிள்ளையை எழுப்ப ஏற்றது. அதிபரிடமோ விருந்தினரிடமோ சொன்னால் துடுக்காக இருக்கும். உற்சாகமாக எழுப்பும் தொனி அதில் உண்டு, அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த உற்சாகமே எரிச்சல்.

இது ஏவலாக மட்டும் வரும். 'ஹீ ரோஸ் அன்ட் ஷோன் அற் ஃபைவ்' என்று இறந்தகாலத்தில் எழுதினால் பகிடியாகத்தான் எடுப்பார்கள். கட்டுரையில் 'ஐ ரைஸ் அன்ட் ஷைன் எவ்ரி டே' என்பதும் சரிவராது. மூலத்தை வேதாகமத்தில் காட்டுவார்கள்: 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏசாயா 60:1 'அரைஸ், ஷைன்' என்று தொடங்குகிறது. தமிழில் அது "எழும்பிப் பிரகாசி, உன் ஒளி வந்தது". எழும்பு என்ற நம் அன்றாடச் சொல்லே அங்கே நிற்பதால் மன்னார்ப் பக்கத்துத் தேவாலயப் பிள்ளைகளுக்கு இதை விளக்கச் சில நொடி போதும்.

'டேர்ன் இன்' என்றாலும் படுக்கப் போவதுதானே. அப்படியானால் எதிர் 'டேர்ன் அவுற்' தானா?

கப்பலோட்டிகளின் பேச்சில் அப்படித்தான் இருந்தது. தூங்குதொட்டிலுக்குள் போவது 'டேர்ன் இன்', வெளியே வருவது 'டேர்ன் அவுற்'. இன்றைய ஆங்கிலத்தில் 'டேர்ன் இன்' அந்தப் பொருளில் நிலைத்துவிட்டது. 'டேர்ன் அவுற்' வேறு வேலைகளுக்குப் போய்விட்டது: கடைசியில் எப்படி அமைந்தது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பவற்றுக்கு. பாடப்புத்தக எதிர்ச்சொல்லாக எழுத வேண்டாம்.

'டேர்ன் இன்'னுக்கும் வேறு பொருள்கள் உண்டு. அமெரிக்க வழக்கில் வீட்டுவேலையை ஒப்படைப்பதும் 'டேர்ன் இன்', ஒருவரைப் பொலிஸில் ஒப்படைப்பதும் அதுவே. 'ஐ டேர்ன்ட் இன் மை பிரதர்' என்று எழுதினால் தம்பியைப் படுக்கவைத்ததாக யாரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள்.

பிரித்தானியக் கடற்படையில் மாலுமிகளை எழுப்பக் கத்திய 'ஷோ அ லெக்' என்ற தொடரும் எதிர்த்தொடர்தான். அறிந்து வைத்திருக்கலாம், பாவிக்கத் தேவையில்லை.

'ஹிற்' என்று தொடங்கும் வேறு தொடர்கள் எதிராக வருமா?

வராது, ஆனால் குழப்பும். 'ஹிற் த ரோட்' புறப்படுவது. பரந்தனிலிருந்து ஏ9இல் கொழும்புக்கு வெளிக்கிடுவதைச் சொல்லலாம். 'ஹிற் த புக்ஸ்' தீவிரமாகப் படிக்கத் தொடங்குவது. 'ஹிற் த ரூஃப்' கடுங்கோபம் கொள்வது. 'ஹிற் த கிரவுண்ட் ரன்னிங்' ஒரு வேலையில் சேர்ந்த உடனேயே முழுவேகத்தில் இறங்குவது. தரையில் கால் வைத்து ஓடுவது என்று எண்ணி இதைக் காலையில் எழும்புவதைச் சொல்லும் எதிர்த்தொடராக எழுதும் பிள்ளைகள் நிறைய. நெருங்கி வருவது ஒன்றே ஒன்று, 'ஹிற் த ஸ்னூஸ்': அலாரத்தை அமுக்கிவிட்டு மீண்டும் கண்ணை மூடுவது. அதுவும் எழும்புவதற்கு எதிர்தான்.

'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்பதில் 'ஹே' வந்தாலும் படுக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதற்கு அது இணை. வெயில் இருக்கும்போதே நெல்லைக் காயப்போடத் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'கெற் த சாக்' என்பதும் அப்படி: வேலையிலிருந்து நீக்கப்படுவது. 'மை ஃபாதர் கொற் த சாக்' என்று கடிதத்தில் எழுதிவிட்டு அப்பா படுத்துவிட்டார் என்று நினைத்திருந்தால் வாசிப்பவர் அனுதாபப்படுவார்.

இரவு முழுக்க விழித்திருப்பதை எப்படிச் சொல்வது? ஏன் இத்தனை சொற்கள்?

விழித்திருக்கும் காரணம் மாறச் சொல்லும் மாறும். வன்னியில் மனிதர்கள் விழித்திருக்கும் காரணங்களை வைத்தே பிரித்துவிடலாம்.

தொலைக்காட்சியில் கிரிக்கெற் பார்க்க, கதைத்துக்கொண்டிருக்க, சும்மா: 'ஸ்டே அப்'. நேரத்தையும் சேர்க்கலாம், 'ஸ்டே அப் டில் டூ'. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும் மகனுக்காக அம்மா படுக்காமல் காத்திருப்பது 'வெயிற் அப் ஃபோர்'. யாருக்காக என்று சொல்லும்போது 'ஃபோர்' விடக்கூடாது. காய்ச்சல் பிள்ளையின் அருகே இரவு முழுக்க இருப்பது 'சிற் அப் வித்'.

தை, மாசியில் காலபோக நெல் முற்றி நிற்கும்போது யானையும் பன்றியும் வரும். காவல் கொட்டிலில் யானை வெடியும் ரோர்ச்சும் வைத்துக்கொண்டு இருப்பது 'கீப் வொச்'. 'ஸ்டே அப்' என்றாலும் பிழையில்லை, ஆனால் காவல் என்ற கருத்து அதில் இல்லை. 'கீப் வொச் ஓவர் த பாடி ஃபீல்ட்' என்று எழுதுங்கள். 'வொச் த பாடி ஃபீல்ட்' என்றால் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பது.

திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரிக்கு நாலு சாமப் பூசையும் கண்டு விழித்திருப்பது 'கீப் விஜில்' அல்லது 'கீப் அன் ஓல்நைற் விஜில்'. வழிபாட்டுக்கும் நேர்த்திக்கும் உரிய சொல் அது. வற்றாப்பளைப் பொங்கல் இரவைப் பற்றி எழுதும்போதும் பக்திக்காக விழித்திருந்ததாகச் சொல்ல இதையே எடுக்கலாம். கச்சான் வாங்கிக் கடைவீதியில் சுற்றியதைச் சொல்ல 'ஸ்டேய்ட் அப் ஓல் நைற்' போதும்.

படிப்புக்கு இரண்டு உண்டு. 'பேர்ன் த மிட்நைற் ஒயில்' என்பது பிந்திய இரவு வரை உழைப்பது. எண்ணெய் விளக்குக் காலத்துத் தொடர். பொருளாதாரத் தடைக் காலத்து வன்னியில் மண்ணெண்ணெயை அளந்து ஊற்றி, ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இது உருவகமே அல்ல. 'புல் அன் ஓல்நைற்றர்' என்பது விடியும்வரை ஒரு கண்ணும் மூடாமல் இருப்பது, பேச்சுவழக்கு. பதினொன்றரைக்குப் படுத்துவிட்டு இதைச் சொல்லக்கூடாது.

மருத்துவமனையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ இரவு வேலை செய்பவர் 'ஸ்டே அப்' செய்வதில்லை. அவர் 'ஒன் நைற் டியூட்டி' அல்லது 'வேர்க்கிங் நைற்ஸ்'.

'ஸ்டே அப்', 'ஸ்டே அவேக்' வேறுபாடு?

படுக்கப் போகாமல் இருப்பது முதலாவது. கண்ணைச் சொருகும் நித்திரையை எதிர்ப்பது இரண்டாவது. மாங்குளம் தாண்டி விடியப்புறம் மூன்று மணிக்கு வாகனம் ஓட்டும் சாரதி செய்ய வேண்டியது 'ஸ்டே அவேக்'. அவரைப் பற்றி 'ஸ்டே அப்' என்றால் ஏதோ அவருக்குப் படுக்கை தயாராக இருந்தது போல ஆகிவிடும். படுத்தும் நித்திரை வராமல் கிடப்பது இரண்டுமில்லை, அது 'லை அவேக்'.

எதிர்ப்பக்கமும் இதேபோல் பிரியும். 'கோ டு பெட்' பாயில் சரிவது, 'ஃபோல் அஸ்லீப்' "நித்திரையாப் போனன்" என்பது. இருந்த இடத்திலேயே தலை சாய்வது 'நொட் ஓஃப்'.

பிந்தி எழும்பினால் 'ஸ்லீப் லேற்' எழுதலாமா?

எழுதலாம். பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது பிந்திப் படுத்ததைச் சொல்ல, சிக்கல் அங்கேதான். 'ஐ ஸ்லெப்ற் லேற்' என்று வாசிக்கும் ஆங்கிலேயர் நீங்கள் காலையில் வெகுநேரம் கிடந்ததாகவே எடுப்பார். பிந்திப் படுத்ததற்கு 'ஐ வென்ற் டு பெட் லேற்' என்று எழுதுங்கள்.

வேண்டுமென்றே கிடப்பது 'ஸ்லீப் இன்'. பிரித்தானிய வழக்கில் 'ஹாவ் அ லை இன்'. தெரியாமல் கிடந்து பஸ்ஸை விட்டது 'ஓவர்ஸ்லீப்', இறந்தகாலம் 'ஓவர்ஸ்லெப்ற்'. பாடசாலைக்குப் பிந்தி வந்ததற்குக் காரணக் கடிதம் எழுதும்போது 'ஐ ஓவர்ஸ்லெப்ற்' என்றால் மன்னிப்பு, 'ஐ ஸ்லெப்ற் இன்' என்றால் திமிர். இந்த ஒரு சோடியையாவது பிள்ளைகள் பிழையில்லாமல் பிரிக்க வேண்டும்.

வெள்ளென எழும்புவதற்கு நல்ல தொடர்கள்?

'அற் த க்ராக் ஒஃப் டோன்' கிழக்கு வெளுக்கும் நேரம். 'அற் ஃபேர்ஸ்ற் லைற்' அதற்கு நெருங்கியது. முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் தள்ளும் நேரத்தை இவற்றால் சொல்லலாம். 'அப் வித் த லார்க்' வானம்பாடியோடு எழும்புவது. பழசானாலும் விளங்கும். 'லார்க்' என்ற இடத்தில் சேவலை வைத்து 'அப் வித் த கொக்' என்று சொந்தமாக ஆக்க வேண்டாம். எழும்பி நடமாடத் தொடங்கிவிட்டார் என்பதற்கு 'அப் அன்ட் அபவுற்'. நோயாளி தேறி நடமாடுவதற்கும் இதுவே. ஆளைச் சொல்ல வெள்ளென எழும்புபவர் 'ஏர்லி பேர்ட்', இரவில் விழித்திருப்பவர் 'நைற் அவுல்'.

தொடரைவிட நேரச்சொல்லில்தான் பிழை கூட. 'டுடே மோர்னிங்' இல்லை, 'திஸ் மோர்னிங்'. 'யெஸ்டடே நைற்' என்பதைவிட 'லாஸ்ற் நைற்'. முந்தநாள் இரவுக்கு 'த நைற் பிஃபோர் லாஸ்ற்'. நாளை விடிய 'ஏர்லி டுமொரோ மோர்னிங்', சொல் வரிசையை மாற்றக்கூடாது. சாமம் மூன்று மணி நமக்கு இரவு, ஆங்கிலத்தில் 'த்ரீ இன் த மோர்னிங்'. பன்னிரண்டுக்குப் பிறகு எல்லாம் 'மோர்னிங்' கணக்கு. அந்தச் சாமப்பொழுதைப் பொதுவாகச் சொல்ல 'இன் த ஸ்மோல் அவர்ஸ்'.

பிள்ளையைப் படுக்கவைப்பதற்கு 'புற் டு ஸ்லீப்' சரியா?

குழந்தையைப் பற்றிச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள், ஆனால் 'புற் த சைல்ட் டு பெட்' பாதுகாப்பானது. வீட்டு நாயைப் பற்றி 'வீ புற் ஹிம் டு ஸ்லீப்' என்றால் மிருக வைத்தியர் ஊசி போட்டு உயிரை எடுத்தார் என்று பொருள். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் அதே தொடர். தோழி வீட்டில் இரவு தங்கியதற்கு 'ஸ்லெப்ற் அற் மை ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' என்றே எழுதுங்கள். 'ஸ்லெப்ற் வித் மை ஃப்ரெண்ட்' என்றால் உடலுறவைக் குறிக்கும்.

'குட் நைற்' எப்போது?

பிரியும்போது, அல்லது படுக்கப் போகும்போது. இரவு எட்டு மணிக்குக் கலியாண வீட்டுக்குள் நுழையும்போது 'குட் ஈவினிங்'.

பரீட்சையில் எங்கே எதைப் பாவிக்கலாம்?

நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் உரையாடலிலும் 'ஹிற் த ஹே', 'ஹிற் த சாக்', 'ரைஸ் அன்ட் ஷைன்' மூன்றும் பொருந்தும். அதிபருக்கோ பிரதேச செயலாளருக்கோ எழுதும் முறைசார் கடிதத்தில் ஒன்றும் வேண்டாம், 'கோ டு பெட்', 'கெற் அப்' போதும். கட்டுரைக்கு 'பேர்ன் த மிட்நைற் ஒயில்', 'அற் த க்ராக் ஒஃப் டோன்' நன்றாக இருக்கும். ஒரு கட்டுரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மனப்பாடம் செய்த தொடர்கள் வரிசையாக நின்றால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு பாடவேளையில் இதை எப்படிக் கற்பிப்பது?

நாற்பது நிமிடம் போதும். கரும்பலகையில் குறுக்காக ஒரு கோடு கீறி, இடது முனையில் இரவு ஒன்பது, வலது முனையில் காலை எட்டு என்று மணிக்கணக்கைக் குறியுங்கள். பன்னிரண்டு காட் மட்டைகளில் பன்னிரண்டு தொடர்கள்: 'ஹிற் த ஹே', 'டேர்ன் இன்', 'ஸ்டே அப்', 'வெயிற் அப்', 'கீப் வொச்', 'லை அவேக்', 'நொட் ஓஃப்', 'வேக் அப்', 'கெற் அப்', 'ஹிற் த ஸ்னூஸ்', 'ஓவர்ஸ்லீப்', 'அப் அன்ட் அபவுற்'. நாலு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு மூன்று மட்டை. கோட்டில் எந்த மணிக்கு ஒட்டுவது என்று பத்து நிமிடம் அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். பிறகு ஒவ்வொரு குழுவும் தன் வீட்டில் அந்த நேரம் யார் என்ன செய்கிறார் என்று ஒரு வாக்கியம் இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும்.

இரண்டு இடத்தில் தடுக்கும். 'வேக் அப்', 'கெற் அப்' இரண்டையும் ஒரே மணியில் ஒட்டுவார்கள். பிரித்து ஒட்டச் சொல்லி இடைவெளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். 'ஓவர்ஸ்லீப்' மட்டையை இரவில் ஒட்டும் குழுவும் இருக்கும், 'ஓவர்' என்றால் கூட என்று மட்டும் எடுத்திருப்பார்கள். அவர்களிடம் பள்ளிக்கூட மணி எத்தனைக்கு அடித்தது என்று கேட்டால் மட்டையைத் தாங்களே கழற்றி வலது பக்கம் கொண்டுபோவார்கள். உச்சரிப்புக்குக் கடைசி ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்: 'ஹிற்' குறில். நீட்டினால் 'ஹீற் த ஹே', புல்லைச் சூடாக்குவது.